பரங்கிக்கொடி மேல் விழுந்த பழி

மார்கழி 1, செவ்வாய்

கைடு புத்தகம் விற்க வந்தவர் பள்ளிக்கூடத்தில் டீச்சர்களுக்கு ஆளுக்கொரு டைரி கொடுத்துவிட்டுப் போனார். அது ஜனவரியில்தான் தொடங்குகிறது. அதுவரை காத்திருந்தால் நான் இந்த வீட்டில் யாரிடமாவது வாயைத் திறந்துவிடுவேன். ஆகையால் முன்னால் இருக்கும் ராசிபலன் பக்கங்களின் ஓரத்திலேயே ஆரம்பிக்கிறேன். என் ராசிக்கு ‘புத்திர பாக்கியம் தாமதமாகும்’ என்று போட்டிருக்கிறது. டைரி அச்சடித்தவருக்கு என் மாமியாரைத் தெரியும் போலிருக்கிறது.

மார்கழி பிறந்துவிட்டதால் அத்தை இருட்டோடு எழுப்பினார். மன்னார்குடியிலேயே கோலத்துக்குப் பேர்போன தெரு எங்கள் தெரு, அதற்குக் காரணம் தான்தான் என்பது அத்தையின் கட்சி. எதிர்வீட்டுக் கோகிலத்தம்மாவும் தெருவைப் பற்றி அதையேதான் சொல்வார், காரணத்தில் மட்டும்தான் வேறுபாடு. கோலத்துக்கு நடுவில் சாணி உருண்டை, உருண்டையின் தலையில் பரங்கிப்பூ. எத்தனை பூவோ அத்தனை பெருமை. அதற்காகவே அத்தை கொல்லையில் பரங்கி விதை போட்டார். கொடி இப்போது குளியலறைக் கூரை முழுக்கப் படர்ந்து கிடக்கிறது.

பறிக்கப் போகும்போது அத்தை கண்டிப்பாகச் சொன்னார்: "அடியில பிஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கு பாரு, அந்தப் பூவைத் தொடாத. அது காய்க்கிற பூ. நீட்டக் காம்போட வெறுமனே நிக்குதுல்ல, அதையெல்லாம் பறிச்சுடு. அது சும்மா பூத்துட்டுப் போறது."

அது சும்மா பூக்கவில்லை அத்தை, அதுதான் ஆண் பூ, எல்லாவற்றையும் பறித்துவிட்டால் பெண் பூ மகரந்தத்துக்கு எங்கே போகும், ரெண்டு மூன்றையாவது விடுங்கள் என்றேன்.

"ஆம்பளப் பூவா? அது காய்க்குமா?"

"காய்க்காது. ஆனா அது இல்லாம..."

"காய்க்காததுக்கு எதுக்கு இடம்? பாடமெல்லாம் பள்ளிக்கூடத்துல எடு."

காய்க்காததுக்கு எதுக்கு இடம் என்பது கல்யாணமான இந்த ஐந்து வருடமாக எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த வசனம். இன்று முதல் முறையாக ஆண் வர்க்கத்தில் ஒருவருக்குக் கிடைத்தது. பூவாக இருந்தாலும் பரவாயில்லை என்று கொஞ்சம் சந்தோஷப்பட்டுக்கொண்டேன். எல்லாவற்றையும் பறித்துக் கொடுத்தேன்.

கோகிலத்தம்மா அவர் வாசலிலிருந்து கேட்டார்: "என்ன சுகந்தி, ஏதாச்சும் விசேஷம் உண்டா?"

இல்லை என்றேன். இந்தக் கேள்வியை அவர் கோலப்பொடி டப்பாவோடு சேர்த்தே எடுத்து வருகிறார்.

மார்கழி 3, வியாழன்

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் திருத்துகிறேன். பிளஸ் டூ தாவரவியல். ‘பூவின் பாகங்களைக் குறித்து அவற்றின் பணியை எழுதுக.’ ஒரு பிள்ளை எழுதியிருக்கிறாள்: ‘சூல்பை கனியாகும். சூல் விதையாகும். மகரந்தத்தாளுக்கு வேலை முடிந்துவிடும், ஆகவே உதிரும்.’ முழு மதிப்பெண். இன்னொருத்தி: ‘கருவுறுதல் நடக்காவிட்டால் சூலகத்தில் குறை என்று அறியலாம்.’ சிவப்பு மையால் அடித்தேன். அடித்த வேகத்தில் தாள் கிழிந்துவிட்டது. பிள்ளைமேல் குற்றமில்லை, அவள் வீட்டில் கேட்டதை எழுதியிருப்பாள். பின்னால் ஒட்டுத்தாள் போட்டு ஒட்டினேன்.

சாயங்காலம் காலைச் சாணி உருண்டைகளைப் பூவோடு சேர்த்து வரட்டி தட்டினேன்.

மார்கழி 4, வெள்ளி

கோயில் அரச மரத்தைச் சுற்றிவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை தோறும் உண்டு. மடிப்புடவை, ஈரத்தலை, பின்னாலேயே அத்தை எண்ணிக்கொண்டு வருவார்.

அந்த அரச மரத்தைப் பற்றி ஒரு விஷயம் அத்தைக்குத் தெரியாது. அதன் பூவெல்லாம் வெளியே தெரியாமல் பழம் போலிருக்கும் உருண்டைக்குள் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு குளவி ஓட்டை வழியாக உள்ளே புகுந்து மகரந்தத்தைச் சேர்த்தால்தான் விதை உண்டாகும். குளவி வராவிட்டால் மரத்துக்கும் பிள்ளை கிடையாது. தன் காரியத்துக்கே குளவியை நம்பி நிற்கும் மரத்தை நான் நம்பிச் சுற்றுகிறேன். அது என்னைப் பார்த்து என்ன நினைத்துக்கொள்ளுமோ.

நான் இரண்டு டாக்டர்களிடம் எல்லா டெஸ்ட்டும் எடுத்தாயிற்று. எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். ‘சின்னப் பொண்ணு டாக்டர், அதுக்கு என்ன தெரியும்’ என்று அத்தை முதலாமவரைத் தள்ளினார். இரண்டாமவர் வயதானவர், அவருக்குக் கண் தெரியவில்லையாம். இரண்டு பேருமே உங்கள் கணவரை அழைத்து வாருங்கள் என்றார்கள். அழைத்தேன். இவருக்கு அப்போது முதல் எப்போதும் வேலை.

இவர் பெயர் இளவரசன். பெயர் வைத்த நாளிலிருந்து வீட்டில் அதற்குத் தகுந்த மரியாதை நடக்கிறது. உரக் கம்பெனியில் விற்பனை மேலாளர். ஜில்லா முழுக்க விளைச்சலுக்கு உத்தரவாதம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

மார்கழி 6, ஞாயிறு

அத்தை நாட்டு மருந்துக் கடையிலிருந்து ஒரு டப்பா லேகியம் வாங்கி வந்தார். மதனகாமப்பூ லேகியம். காலையும் மாலையும் ஒரு ஸ்பூன் நான் சாப்பிட வேண்டுமாம்.

மூடியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. மதனகாமப்பூ என்பது பூவே இல்லை. சைகஸ் என்கிற மரத்தின் ஆண் கூம்பு. அந்த மரத்துக்குப் பூவும் கிடையாது, பழமும் கிடையாது. விதையை எதற்குள்ளும் வைத்து மூடாமல் எல்லாரும் பார்க்கும்படி வெளியிலேயே வைத்திருக்கும். ஒளிவுமறைவு இல்லாத மரம், இந்த வீட்டுக் கொல்லையில் பிழைக்காது.

ஆணிடமிருந்து எடுத்த சரக்கு, ஆணுக்கென்று விற்கிற சரக்கு, அதையும் நானே தின்ன வேண்டியிருக்கிறது. அத்தையிடம் சரி என்றேன். டப்பாவை அடுக்களை அலமாரியில் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் பின்னால் வைத்தேன். தொடுவதாக இல்லை.

மார்கழி 7, திங்கள்

பிஞ்சு விழ ஆரம்பித்துவிட்டது. கோலிக்குண்டு அளவில் மூன்று. மஞ்சளாகி, நுனி வெம்பி, தொட்டதும் கையோடு வந்துவிட்டன. இதைத்தான் முதல் நாளே சொன்னேன். திரும்பவும் சொல்லலாமா என்று வாயெடுத்தேன். அதற்குள் அத்தை விழுந்த பிஞ்சை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாளைலேர்ந்து நீ பூப் பறிக்க வேணாம் சுகந்தி. நானே பறிச்சுக்கறேன்."

"ஏன் அத்தை?"

"ஒண்ணும் இல்ல. சில கைக்கு அப்படி."

சில கைக்கு அப்படி. காதில் விழும் தூரத்தில் இவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுக்களையில் போய்க் கையை அலம்பினேன். கை கை மாதிரிதான் இருந்தது. தேங்காய் துருவினேன், சாம்பார் இறக்கினேன், முப்பது விடைத்தாள் திருத்தினேன். மனசு வலித்தது என்று எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த டைரி எதற்கு.

மார்கழி 8, செவ்வாய்

ஒரு நல்லது: விடிந்த பிறகு எழுந்தேன். ராசியில்லாத கை படைத்தவர்கள் ஆறு மணி வரை தூங்கலாம்.

மார்கழி 9, புதன்

விடுமுறை தொடங்கியது.

அத்தையே பறித்தும் பிஞ்சு விழுகிறது. அத்தையின் கை மூன்று பெற்ற கை. ஆகையால் கையை விட்டுவிட்டு நிழலைப் பிடித்துக்கொண்டார்: நான் துணி காயப் போடும்போது என் நிழல் கொடிமேல் விழுகிறதாம். துணிக்கொடி இடம் மாறியது.

மதியம் கோகிலத்தம்மாவின் மருமகளை அழைத்து வந்தார்கள். ஒரே பிரசவத்தில் இரண்டு பெற்றவள். அவள் பாவம், ஒரு குழந்தை இடுப்பில், ஒன்று புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. அவளை விட்டுக் கொடிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினாள். வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துணி, ஒரு சீப்பு வாழைப்பழம். போகும்போது என் காதோடு, "அக்கா, ஒரு நாள் முழுசாத் தூங்கணும்னா எந்த மரத்தைச் சுத்தணும்?" என்றாள். இந்தத் தெருவில் எனக்குப் பிடித்த ஆள் இவள்தான்.

மார்கழி 10, வியாழன்

கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அத்தை மதிலுக்கு அந்தப் பக்கம் கோகிலத்தம்மாவோடு பேசியது கேட்டது. ரகசியம் என்றால் அத்தைக்குக் குரலைத் தாழ்த்துவது என்று அர்த்தமில்லை, ‘யார்கிட்டயும் சொல்லாத’ என்று முதலில் சொல்வது.

"காணும் பொங்கலுக்கு சம்பந்தியை வரச் சொல்லப்போறேன். கொஞ்ச நாள் அவங்க பொண்ணை அங்க வச்சுப் பாத்துக்கட்டும். அஞ்சு வருஷம் நாங்களும் பொறுத்தாச்சு. அவனுக்கு முப்பத்தஞ்சு ஆவுது. எங்க அண்ணன் வீட்ல சின்னவ ஒருத்தி இருக்கா, அமைதியான பொண்ணு. நாங்களும் வேற யோசிக்கணும்ல."

"உங்க பையன் என்ன சொல்றாரு?"

"அவன் என்ன சொல்லுவான்? ஒண்ணும் சொல்லல."

இவரிடம் போய்க் கேட்டேன். "அம்மா இப்படித்தான் ஏதாச்சும் சொல்லிட்டிருப்பாங்க, விடு" என்றார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றேன். சட்டைப் பையில் போனைத் தேடினார். முன்பெல்லாம் கால்சட்டைப் பையில் வைத்திருப்பார், இப்போது சட்டைக்கு மாற்றியிருக்கிறார். இந்த மார்கழிக் குளிரில் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறார். வீட்டில் இருக்கும்போது ஜீன்ஸை விட்டுவிட்டு வேட்டிதான். ஏதோ விரதம் போலிருக்கிறது. எந்தச் சாமிக்கு என்று கேட்கவில்லை.

ஒன்று எழுத மறந்தேன். லேகியம் குறைகிறது. நான் தொடவே இல்லை. எறும்பாக இருக்கலாம்.

மார்கழி 11, வெள்ளி

அத்தை கோலத்தை முடித்து, போட்டோ எடுத்து, தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் பொங்கல் வாங்கப் போனார். மாமா பேப்பரில் இருந்தார். (மாமா வீட்டில்தான் இருக்கிறார். பேப்பரை இறக்கினால் தெரிவார்.)

கொல்லையில் ஒரு பெண் பூ நன்றாக மலர்ந்திருந்தது. அடியில் குட்டிப் பரங்கிக்காய் தயாராக, பச்சையாக. தேனீ ஒன்று வந்தது, உள்ளே போயிற்று, வெறுங்காலோடு வெளியே வந்தது. அது என்ன செய்யும்? தெரு முழுக்க ஆறு மணிக்குள் ஆண் பூ ஒன்றுகூடக் கொடியில் மிஞ்சுவதில்லை, எல்லாம் சாணியின் தலையில் உட்கார்ந்து போட்டோவுக்கு நிற்கின்றன.

வாசலுக்குப் போனேன். நடுக்கோலத்துச் சாணி உருண்டையிலிருந்து ஒரு பூவை உருவினேன். அதுதான் இருப்பதில் பெரியது. கோகிலத்தம்மா பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அது கோலப்போட்டி வரலாற்றில் முதல் திருட்டு.

இதழை எல்லாம் பிய்த்துப் போட்டேன். நடுவில் மஞ்சள் விளக்குத் திரி மாதிரி மகரந்தத்தாள் மட்டும் நின்றது. அதைப் பெண் பூவுக்குள் விட்டுச் சூலகமுடியில் மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தேன். பின்னால் பல் தேய்த்துக்கொண்டு இவர் நின்றார்.

"என்ன பண்ற?"

"உங்க அம்மா பண்ணாததை."

போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"இப்படித் தடவினா காய் வந்துடுமா?"

"இந்தத் தூள் மேல ஒட்டும். ஒவ்வொரு துகள்லேர்ந்தும் மெல்லிசா ஒரு குழாய் முளைச்சு கீழ சூல்பை வரைக்கும் இறங்கும். ஒரு சூலுக்கு ஒரு துகள் போய்ச் சேரணும். அப்பதான் விதை, விதை வந்தாத்தான் காய்."

"தூள் கம்மியா இருந்தா?"

"காய் கோணலா வரும். ரொம்பக் கம்மின்னா பிஞ்சு வெம்பி விழுந்துடும்."

வாயில் நுரையோடு நின்றார். "அப்ப இத்தனை நாள் விழுந்ததுல கொடி மேல தப்பே இல்லையா?" என்றார்.

"கொடி மேல என்ன தப்பு?"

"கம்மியா இருந்தா அதுக்கு வழியே கிடையாதா?"

"ஏன் இல்லாம? இதோ, கையால கொண்டுபோய்ச் சேர்க்கறேன்ல? கொஞ்சமா இருந்தாலும் சேர வேண்டிய இடத்துல சேர்த்தா போதும்."

பூவின் வாயை நூலால் கட்டினேன். இவர் நுரையைத் துப்பவும் மறந்து நின்றுகொண்டிருந்தார். தாவரவியலில் இவருக்கு எப்போது இவ்வளவு அக்கறை வந்தது என்று தெரியவில்லை. என் பிளஸ் டூ பிள்ளைகள் ஒரு வருடத்தில் கேட்காத கேள்வியெல்லாம் இன்று ஒரே காலையில் கேட்டுவிட்டார்.

எனக்குத் தெரிந்துவிட்டது என்று எழுதினால் தெரிந்ததாகிவிடும். எழுதவில்லை.

மார்கழி 12, சனி

வேலை என்று இவர் தஞ்சாவூர் போனார். சனிக்கிழமைகளில் உரம் வாங்குபவர்கள் தஞ்சாவூரில்தான் அதிகம் போலிருக்கிறது.

மார்கழி 15, செவ்வாய்

பிஞ்சு நிற்கிறது. எலுமிச்சை அளவு.

லேகியம் பாதிக்குக் கீழே போய்விட்டது. எறும்பு இல்லை, எறும்பு ஸ்பூனைக் கழுவி வைப்பதில்லை. மாமாவாக இருக்குமோ? அவருக்குச் சர்க்கரை வியாதி. இனிப்பு என்றால் உயிர். டப்பாவை இடம் மாற்றாமல் விட்டேன்.

மார்கழி 17, வியாழன்

ஆங்கிலப் புத்தாண்டு. டைரி அதிகாரபூர்வமாக இன்றுதான் தொடங்குகிறது.

பிஞ்சு ஆரஞ்சு அளவானதும் அத்தை கண்ணில் பட்டுவிட்டது. தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "கோகிலம், உன் மருமக கை ராசி! ஒரு குடம் தண்ணிதான் ஊத்துனா!" கோகிலத்தம்மா மருமகளுக்கு இன்னொரு ரவிக்கைத் துணி கிடைத்தது. அவளுக்கு இப்போது ரவிக்கைத் துணி இருக்கிறது, தைக்கக் கொடுக்கத்தான் நேரமில்லை.

இவரைப் பார்த்தேன். இவருக்குத் தெரியும், அன்று பக்கத்திலேயே நின்றார். தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "அம்மா, அது சுகந்தி பண்ணது" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? தோசை முடிந்தது. கை கழுவிக்கொண்டு போனார்.

இந்தப் பாடத்தில் பிள்ளைகளுக்கு எப்போதும் குழப்பும் பகுதி இரட்டைக் கருவுறுதல். மகரந்தக் குழாய் வழியாக இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் கருவை உண்டாக்குகிறார், இன்னொருவர் அந்தக் கரு தின்று வளர உணவைச் சேர்க்கிறார். எவ்வளவு பொறுப்பான ஏற்பாடு. இங்கே ஒரே ஒருவர், அவருக்கும் ஒரு வாக்கியம் பேச முடியவில்லை.

மார்கழி 20, ஞாயிறு

அத்தை அப்பாவுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில். "காணும் பொங்கலுக்கு அவசியம் வாங்க சம்பந்தி. கொஞ்சம் பேச வேண்டியிருக்கு." பட்டுக்கோட்டையிலிருந்து அப்பா, "வந்துடறோம்மா, எல்லாரும் சௌக்கியந்தானே?" என்று மட்டும் கேட்டார். அப்பா கண்டக்டராக இருந்தவர். முப்பது வருடம் யார் கத்தினாலும் ‘உள்ள போங்க, உள்ள போங்க’ என்று மட்டுமே சொல்லிப் பழகியவர். அவரை உட்கார வைத்து என்ன பேசப்போகிறார்கள் என்று நினைத்ததும் எனக்குப் பயம் வந்தது. இதுவரை எழுதிய கிண்டலெல்லாம் அந்தப் பயத்துக்கு முன்னால் நிற்கவில்லை.

மார்கழி 22, செவ்வாய்

டப்பா காலி. அத்தைக்கு மகிழ்ச்சி. "ஒழுங்கா சாப்பிட்டுட்ட போலிருக்கே" என்று இரண்டாவது டப்பா வைத்தார்.

மார்கழி 28, திங்கள்

இரண்டாவது டப்பாவும் முக்கால் காலி. இவ்வளவு வேகமாக யாரும் பாடம் படித்ததில்லை.

தின்பது மாமா இல்லை. நேற்று எதிரிலேயே திறந்து வைத்துப் பார்த்தேன், முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்துவிட்டுப் பேப்பருக்குப் போய்விட்டார்.

தை 1, வியாழன்

பொங்கல். பரங்கிக்காயை அத்தை தன் கையால் அறுத்தார். இரண்டு கைகளாலும் ஏந்திப் பிடிக்கும் அளவு. இளசு. சூரியனுக்குப் படைத்து, பரங்கிக்காய்க் கூட்டும் குழம்பும். பாதியைக் காணும் பொங்கலுக்கென்று எடுத்து வைத்தார். சம்பந்திக்கு நம் வீட்டுக் காயைக் காட்ட வேண்டாமா என்றார். குழம்பு நன்றாக இருந்தது. அதற்கு அப்பா யாரென்று யாரும் கேட்கவில்லை.

தை 3, சனி

அப்பாவும் அம்மாவும் கரும்பு, வாழைத்தார், எனக்கு ஒரு புடவையோடு வந்தார்கள். சாப்பாடு முடிந்தது. கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்தோம். மாமாகூடப் பேப்பர் இல்லாமல் இருந்தார். இவர் சுவரோரமாக.

அத்தை ஆரம்பித்தார். "நான் எதையும் மறைச்சுப் பேச மாட்டேன் சம்பந்தி. கொல்லையில கொடியே இந்த வருஷம் காய்க்கமாட்டேன்னு நின்னுச்சு. நல்ல கையா ஒருத்தி வந்து தண்ணி ஊத்துனா, காய்ச்சிடுச்சு. நீங்களே இப்ப சாப்பிட்டீங்க. செடிக்கே இப்படின்னா மனுஷங்களுக்கு யோசிக்கணுமில்ல? நாங்களும் பண்ணாததில்லை. கோயில் பாக்கியில்ல. லேகியம் ரெண்டு டப்பா முழுசா தின்னாச்சு. அவ உடம்புல ஒண்ணும் பிடிக்கல. கொஞ்ச நாள் உங்க வீட்ல வச்சுப் பாத்துக்கோங்க. அப்புறம் என்னன்னு பாப்போம்."

அம்மா முந்தானையைச் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். அப்பா, "நீங்க சொல்றது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அப்பா அப்படி நிறுத்தி நான் பார்த்ததில்லை.

நான் அடுக்களைக்குப் போய் இரண்டாவது டப்பாவை எடுத்து வந்து நடுவில் வைத்தேன். வழித்துத் துடைத்த மாதிரி காலி.

"அத்தை, இதுல நான் ஒரு ஸ்பூன்கூடச் சாப்பிடல."

"என்ன சொல்ற? ரெண்டு டப்பா காலியாயிருக்கே?"

"நான் தொடவே இல்ல."

"அப்ப யாரு தின்னா?"

எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா பதறிப்போய், "எனக்குச் சுகர்" என்றார்.

வாசலில் கரும்பு விற்பவன் குரல் கேட்டது. நான் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவரைப் பார்க்கக் கூடாது என்று தீர்மானித்திருந்தேன். பார்த்துச் சொல்ல வைத்தால் அது நான் சொன்னதாகிவிடும்.

"நான்தாம்மா" என்றார்.

"நீயா? உனக்கு எதுக்குடா?"

"ஐப்பசியில தஞ்சாவூர்ல டெஸ்ட் பண்ணிக்கிட்டேன். எனக்குத்தான் குறைச்சலா இருக்கு. வைத்தியத்துக்குத்தான் சனிக்கிழமை போறேன். சூடு ஆகாதுன்னுதான் பச்சைத் தண்ணியும் வேட்டியும். சுகந்திக்கு ஒண்ணும் இல்ல. முதல்லேர்ந்தே ஒண்ணும் இல்ல." மூச்சு வாங்கினார். "பரங்கிக்காயும் அவதான் பண்ணா. நீ பறிச்ச ஆம்பளப் பூவை எடுத்துட்டுப் போய் அவ வச்சா. நான் பாத்தேன்."

அத்தை முதலில் பரங்கிக்காயைத்தான் எடுத்துக்கொண்டார். "கோலத்துலேர்ந்தா எடுத்த?" என்றார் என்னிடம். அடுத்துத்தான் மகன் பக்கம் திரும்பினார். "உனக்கா? நல்லாத்தானேடா சாப்பிடற?"

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "மாப்பிள்ளை, ஐப்பசிக்கு அப்புறமும் எங்க பொண்ணு ஈரத்தலையோட மரத்தைச் சுத்திட்டிருக்கு. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மாமா."

"தெரியும்ல" என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார்.

நான் அழுவேன் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. குறைச்சலாக இருப்பதற்காக இல்லை. அது யாருக்கும் இருக்கும், அதற்கு வழியும் இருக்கிறது. ‘சில கைக்கு அப்படி’ என்று அவர் அம்மா சொன்ன அன்று அவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த இட்லிக்காகக் கோபம்.

தை 4, ஞாயிறு

நேற்று அப்பா, "வா, கிளம்பலாம்" என்றார். நானே போவது வேறு, அனுப்பப்படுவது வேறு, எது என்று இன்னும் தெரியவில்லை அப்பா என்றேன். புரிந்துகொண்டு தலையை ஆட்டினார். வாழைத்தாரில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். எனக்குப் பிடித்தது.

காலையில் அத்தை மூன்றாவது டப்பா லேகியத்தோடு வந்தார். என்னைத் தாண்டிப் போய் மகன் முன்னால் வைத்தார். பிறகு அடுக்களையில், பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே, "எந்தப் பூவை விடணும்னு சொன்ன?" என்றார். சொன்னேன். மன்னிப்பு என்று நானாக எடுத்துக்கொண்டால் உண்டு. இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

இவரிடம் ஒன்று மட்டும் சொன்னேன். "ஆஸ்பத்திரிக்கு நானும் வர்றேன். வைத்தியம் எதுவானாலும் பாத்துக்கலாம். ஆனா வாசல்ல இந்தத் தெரு கேக்கற கேள்விக்கு இனி நான் பதில் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லணும். சொல்ல முடியலன்னா சொல்லுங்க, பட்டுக்கோட்டை பஸ் அரை மணிக்கு ஒண்ணு இருக்கு."

"தெருவுலயா?" என்றார்.

"தெருவுலதான் என்னைக் கேட்டாங்க."

தை 5, திங்கள்

கொடியில் இன்று நாலு ஆண் பூவை அத்தை அப்படியே விட்டிருந்தார். ஏழு மணிக்கு ஒரு தேனீ ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போயிற்று, காலெல்லாம் மஞ்சள்.

அத்தை பூ இல்லாத சிறு கோலம் போட்டுக்கொண்டிருந்தார். எதிரே கோகிலத்தம்மா பெரிய புள்ளிக்கோலத்தில் சிக்கு இழுத்துக்கொண்டிருந்தார். நான் பள்ளிக்கூடத்துக்குப் பையோடு இறங்கினேன். இவர் பைக்கை வெளியே எடுத்து, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சுகந்தி, பொங்கலெல்லாம் ஆச்சு. ஏதாச்சும் விசேஷம் உண்டா?"

நான் நின்றேன். பதில் சொல்லவில்லை. கோகிலத்தம்மா நிமிர்ந்து பார்த்தார். அத்தையின் கை புள்ளியில் நின்றது. இவர் பைக்கைக் கிளப்பினார். சரி, பட்டுக்கோட்டை என்று நினைத்துக்கொண்டேன். புடவையை எடுத்து வைக்க எத்தனை நேரம் ஆகும் என்றுகூடக் கணக்குப் போட்டேன்.

பைக் சத்தம் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றி வண்டி மேல் வைத்தார். காது இரண்டும் சிவந்திருந்தது.

"அவளைக் கேக்காதீங்க" என்றார். "எனக்குத்தான் வைத்தியம் நடக்குது. விசேஷம்னா நானே வந்து சொல்றேன்."

தெருவில் நாலு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாலு பேரும் நிமிர்ந்தார்கள். அத்தை மட்டும் நிமிரவில்லை. புள்ளிக்கு அடுத்த புள்ளியை வைத்தார்.

நான் பைக்கில் ஏறிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது கோகிலத்தம்மா இன்னும் அப்படியே நின்றிருந்தார், கையிலிருந்து பொடி ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வரும்போது பார்த்தேன். அந்தச் சிக்கை அவர் முடிக்கவே இல்லை.